ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

பொழுது புலருமுன் பால் வெட்டப் புறப்படும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளை லயத்து வாசலிலிருந்து தள்ளும்போதே பின் சக்கரம் காற்றிறங்கிக் கிடப்பதைக் காண்கிறார். அன்றைய வேலையை எப்படியோ முடித்துவிட்டு, மாலையில் வண்டியைக் கடைக்குத் தள்ளிச் செல்கிறார். "டியூப்பை ஒட்டவா, மாற்றவா?" என்று கடைக்காரர் கேட்கிறார். "எது மலிவோ அதைச் செய்யுங்கள்" என்பது இவருடைய பதில். மறுநாள் காலை, அதே சக்கரத்தின் மேல்தான் அவருடைய பிள்ளையும் அமர்ந்து பள்ளிக்குச் செல்கிறது.

சிக்கனம் நற்பண்பே. ஆயினும் ஓட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, எதனால் ஏற்பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே விலையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒட்டு எவ்வாறு பிடிக்கிறது?

நாம் வெட்டும் பாலிலிருந்து கிடைக்கும் கச்சா ரப்பர் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் உறுதியும் மீளும் தன்மையும் பெறுவதை 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888-ஆம் ஆண்டில்.

கடையில் டியூப்பின் மேல் ரப்பர் துண்டு ஒன்றை வைத்து, இடுக்கியால் இறுக்கிச் சூடேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குட்இயர் கண்ட உண்மையே அங்கும் வேலை செய்கிறது. வேகாத ரப்பர் சூட்டில் வெந்து டியூப்போடு ஒன்றாகிவிடுகிறது. பசை தடவி ஒட்டும் முறையும் உண்டு. அதில் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, தூசும் எண்ணெயும் நீங்கத் துடைத்து, தடவிய பசை சற்று உலர்ந்த பின்னரே ஒட்டை அழுத்த வேண்டும். ஈரப் பசையின் மேல் அவசரமாக வைத்த ஒட்டு, வண்டி சூடேறியதும் பெயர்ந்துவிடும்.

எப்போது ஒட்டலாம்?

ஆணியோ செம்பனை முள்ளோ குத்திய சிறு ஓட்டை, வால்விலிருந்து விலகி இருந்தால் தாராளமாக ஒட்டலாம். நன்றாகப் போட்ட ஒட்டு நெடுநாள் உழைக்கும். இத்தகைய ஓட்டைக்காகப் புது டியூப் வாங்குவது வீண் செலவு.

டியூப் இல்லாத டயர்களும் இப்போது பரவலாக உள்ளன. அவற்றில் தரையைத் தொடும் பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டையை மட்டுமே பழுது பார்க்க வேண்டும். வெளியிலிருந்து திரியைச் செருகி அடைப்பது வீடு வந்து சேர்வதற்கான தற்காலிக ஏற்பாடு. டயரைக் கழற்றி உட்புறத்தில் ஒட்டுவதே முறையான பழுதுபார்ப்பு.

எப்போது மாற்ற வேண்டும்?

வால்வின் அடிப்பாகம் கிழிந்திருந்தால் டியூப்பை மாற்றியே ஆக வேண்டும். அங்கே ஒட்டு நிற்காது. நீளக் கிழிசலும், ஒட்டின் மேல் ஒட்டுப் போட வேண்டிய நிலையும் அவ்வாறே. காற்றில்லாமல் ஓட்டி வந்தால், டியூப் டயருக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல இரண்டு வெட்டுகள் விழும். அது பெரிதாயின் டியூப் பயன்படாது. காற்று இறங்கியதும் வண்டியைத் தள்ளிச் செல்லுமாறு சொல்வது இதனால்தான்.

டியூப்பை மட்டும் பார்த்தால் போதாது. டயரின் பக்கச் சுவரில் வெட்டு அல்லது புடைப்பு, உள்ளிருக்கும் நூலிழை தெரிதல், ஆழ்ந்த வெடிப்புகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அந்த டயரை ஒதுக்கிவிட வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். வழுவழுப்பான டயருடன் பொதுச் சாலையில் செல்வது சட்டப்படி குற்றமாகும். தோட்டத்துச் செம்மண் சாலையில் தடுத்து நிறுத்த யாரும் இல்லாதிருக்கலாம். மழை பெய்ததும் அச்சாலையே நம்மைக் கீழே தள்ளிவிடும்.

முன் சக்கரத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஓட்டத்தில் முன் டயரின் காற்று திடீரென இறங்கினால் கைப்பிடி நம் வசத்தில் இருக்காது. முன் சக்கரத்தைப் பற்றி ஐயம் எழுந்தால் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

மறைந்திருக்கும் முள்

புது டியூப் போட்ட மறுநாளே மீண்டும் காற்று இறங்குவதுண்டு. கடைக்காரரைக் குறை சொல்லுமுன், பழைய முள் டயருக்குள்ளேயே இருந்ததா என்று பார்க்க வேண்டும். டியூப்பைக் கழற்றியவுடன் டயரின் உட்புறம் முழுவதையும் துணியால் மெல்லத் தடவிப் பார்த்தால் முள் துணியில் சிக்கும். கம்பிச் சக்கரமானால், கம்பி முனைகளை மூடியிருக்கும் ரப்பர் பட்டை கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது டயர் வாங்கும்போது பழைய டயரில் உள்ள அதே அளவைக் கேளுங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட காலத்தைச் சொல்லும். 1223 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். கடையில் பல ஆண்டு கிடந்த டயர், பள்ளம் தேயாதிருந்தாலும் புதியதன்று. புது டயருக்குப் புது டியூப்பே பொருத்தம். பழைய டியூப் விரிந்து தளர்ந்திருக்கும்.

காற்றின் அளவு வண்டியின் கையேட்டிலும், பெரும்பாலும் சங்கிலி மூடியில் ஒட்டப்பட்ட தாளிலும் இருக்கும். வாரம் ஒருமுறை, வண்டி சூடேறுமுன் அளந்து பாருங்கள். காற்றுக் குறைந்த சக்கரத்தின் மேல் பால் தோம்புகளை ஏற்றிச் சென்றால், டியூப் நகர்ந்து வால்வின் அடி கிழியும்.

டியூப் பழுதினால் ஒரு நாள் வேலையை இழந்தால் போகும் சம்பளம், ஒரு புது டியூப்பின் விலையைவிட அதிகம். விழுந்து அடிபட்டால் ஏற்படும் இழப்பை வெள்ளியில் கணக்கிட முடியாது.

ஆகவே, அடுத்த முறை கடைக்காரர் கேட்கும்போது, "ஓட்டையை எனக்குக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். வால்வின் அடியைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். உட்புறத்தைத் தடவச் சொல்லுங்கள். ஒட்டத் தக்கதானால் ஒட்டுங்கள். இல்லையெனில் மாற்றுங்கள். அந்தச் சக்கரத்தின் மேல் நாளை அமரப்போகிறவர் யார் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.