நித்திரைக்கு முன் பத்து நிமிடம்: மூச்சோடு சேரும் ஒலி

சொந்தக் காணிக்குத் திரும்பிவிட்டீர்கள். கொட்டில் போட்டாயிற்று, கிணறும் இறைத்தாயிற்று. ஆனாலும் இரவில் நித்திரை வருவதில்லை என்று மீள்குடியேறிய பல குடும்பங்கள் எமது களப் பணியாளர்களிடம் சொல்கின்றன. முகாமில் பக்கத்துக் கூடாரத்துச் சத்தம் நித்திரையைக் கெடுத்தது. இங்கே சத்தமின்மையே கெடுக்கிறது. காற்றில் தறப்பாள் அடித்தால் உடல் திடுக்கிடுகிறது. தூரத்தில் நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

இதைப் பைத்தியம் என்றோ கோழைத்தனம் என்றோ எண்ண வேண்டாம். ஆபத்தான நாட்களில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றிய விழிப்பு, ஆபத்து குறைந்த பின்பும் காவல் நிற்கிறது. ‘பயப்படாமல் படு’ என்று அதற்குச் சொல்லிப் பயனில்லை. வாய்ச்சொல்லுக்கு அடங்காத அந்த விழிப்பு மூச்சுக்கு ஓரளவு அடங்கும். இந்தப் பாடம் அதைப் பற்றியது. இதற்கு மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

மூச்சும் இதயமும்

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு சற்று ஆழமாக மூச்செடுத்துப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு கொஞ்சம் விரைவாகும். வெளியே வரும்போது மெதுவாகும். மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் ஒரு நரம்பு இதயத்தை அமைதிப்படுத்துகிறது. வெளிமூச்சின்போது அதன் வேலை கூடுகிறது. எனவே வெளிமூச்சை நீட்டினால் உடல் ஓய்வை நோக்கித் திரும்பும்.

ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பயத்தில் அது இன்னும் கூடும். நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்குக் குறைந்தால் இதயமும் இரத்த அழுத்தமும் மூச்சோடு ஒத்து அசையத் தொடங்கும். இத்தாலியில் 23 பேரை வைத்துச் செய்யப்பட்டு, 2001இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. ஜெபமாலையின் மரியே வாழ்க மன்றாட்டை லத்தீனிலும், பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்லும்படி கேட்டார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6 அளவில் வந்து நின்றது.

மன்னார்ப் பக்கத்தில் மாலையில் குடும்பமாக ஜெபமாலை சொல்பவர்களுக்கும், திருநீறு பூசிக்கொண்டு தேவாரம் பாடுபவர்களுக்கும், திக்ரு ஓதுபவர்களுக்கும் இது புதிதாக இராது. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநோய் வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம் அவர்களும், போரினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவரவர் மரபில் பழகிய இத்தகைய முறைகளையே பயன்படுத்தும்படி எழுதியுள்ளார். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒன்று இருக்குமானால் அதையே படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றி, மெதுவாகச் சொல்லுங்கள். கீழே உள்ளதைப் பழக வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு

பாயில் மல்லாந்தோ ஒருக்களித்தோ படுங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். முதலில் எதையும் மாற்ற வேண்டாம். மூச்சு எந்த வேகத்தில் போகிறதோ அப்படியே போகட்டும். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்று மெல்ல முனகுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்றில்லை. உங்கள் நெஞ்சில் அதிர்வு தெரிந்தால் போதும்.

இரண்டு மூன்று நிமிடத்துக்குப் பின், முனகலைக் கொஞ்சம் நீட்டுங்கள். விரலால் பாயில் தட்டி எண்ணலாம்: இரண்டு எண்ண உள்ளே, மூன்று எண்ண வெளியே. அது சுகமாக வந்த பின் மூன்றும் நான்கும். சில நாள் பழகியதும் நான்கும் ஆறும். எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு வினாடி என்றால் இதுதான் நிமிடத்துக்கு 6 மூச்சு. பலர் முதல் இரவிலேயே நான்குக்கும் ஆறுக்கும் பாய்ந்து, மூச்சு முட்டி, ‘எனக்கு இது சரிவராது’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒலி முதலில் மூச்சின் பின்னால் போக வேண்டும். அதன் பிறகுதான் மூச்சு ஒலியின் பின்னால் வரும்.

மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழமைபோல் மூச்சு விடுங்கள். தொய்வு உள்ளவர்கள் தங்களுக்கு இலகுவான அளவோடு நிற்கட்டும். கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருபவர்கள் கண்ணைத் திறந்தபடி, விளக்கைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

கைத்தொலைபேசியில் மூச்சுக்கு ஏற்ற ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. சிலருக்கு உதவலாம். ஆனால் அவற்றில் பல கடலலைச் சத்தத்தை வைத்துச் செய்யப்பட்டவை. 2004 ஆழிப்பேரலையைக் கண்ட முல்லைத்தீவுக் கரையோரத்தவருக்கு அந்தச் சத்தம் ஆறுதல் தராமலும் போகலாம். சொந்தக் குரலில் அந்தச் சிக்கல் இல்லை.

பிள்ளைகளுக்கு

பிள்ளையின் மூச்சு இயல்பாகவே பெரியவரின் மூச்சைவிட வேகமானது. அதனால் பிள்ளைக்கு எண்ணிக்கை சொல்லிக் கொடுக்க வேண்டாம். முதுகில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். இறங்கும்போது முனகுங்கள், அல்லது தாலாட்டில் ‘ரோ’ என்று இழுபடும் இடத்தை அங்கே கொண்டுவந்து சேருங்கள். பிள்ளை கொஞ்சம் தணிந்ததும் உங்கள் இழுவையை ஒரு சிறிது நீட்டுங்கள். ஏணை ஆட்டும் அம்மம்மாமார் கைவேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் இதே முறைதான். கைக்குழந்தையின் மூச்சை மாற்ற முயல வேண்டாம். அதற்கு உங்கள் குரலும் சூடும் போதும்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் சிலருக்குத் தாலாட்டு வாயெடுக்கவே முடியாது. அவர்களைப் பாடும்படி எவரும் வற்புறுத்தக் கூடாது. மற்றப் பிள்ளைகளைத் தகப்பனோ, சித்தியோ, மூத்த அக்காவோ முனகி நித்திரையாக்கட்டும். தாய் பக்கத்தில் படுத்திருந்தால் போதும். அழுகை வந்தால் வரட்டும்.

நித்திரை வராவிட்டால்

அரை மணித்தியாலம் போல் முயன்றும் நித்திரை வரவில்லை என்றால் பாயில் புரண்டுகொண்டிருக்க வேண்டாம். எழுந்து சற்று உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பப் படுங்கள். வெளியே நடப்பதென்றால் முற்றத்தோடு நில்லுங்கள். கண்ணிவெடி அகற்றப்படாத பக்கத்துக்கும், பற்றை வளர்ந்த காணிக்கும் இரவில் போகவே வேண்டாம். பின்னேரத்துக்குப் பின் தேத்தண்ணீரைக் குறையுங்கள். சாராயமும் கசிப்பும் ஆளை விழுத்தும். ஆனால் நடுச்சாமத்தில் எழுப்பிவிடும்.

ஒரு மாதத்துக்கு மேலாக நித்திரை கெட்டிருந்தாலோ, பகலில் வேலை செய்ய முடியாதிருந்தாலோ, குடி கூடினாலோ மூச்சுப் பயிற்சியோடு மட்டும் நிற்க வேண்டாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது நேரே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று குறித்து வைத்திருந்தால் அந்தத் தாளையும் கையில் கொண்டு போங்கள்.