சுரங்கத்திலிருந்து வந்த துப்பறிவாளர்

துப்பறியும் கதை ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நம் மனத்தில் எழும் கேள்வி, “குற்றவாளி யார்?” என்பதுதான். கடைசிப் பக்கத்தில் விடை கிடைத்ததும் நூலை மூடி வைத்துவிடுகிறோம். துப்பறிபவர் யார், அவர் ஏன் இந்த வேலைக்கு வந்தார், இரவில் அவருக்குத் தூக்கம் வருகிறதா என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. ஷெர்லாக் ஹோம்ஸின் பிள்ளைப் பருவம் எப்படி இருந்தது என்பது தெரியாமலேயே அவரை நாம் ரசிக்கிறோம். அவருடைய நண்பர் டாக்டர் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயமடைந்து நாடு திரும்பிய இராணுவ மருத்துவர். ஆயினும், அந்தப் போர் கதையின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே அதிகம் நுழைவதில்லை.

போர் வாசலைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டால் ஒரு துப்பறிவாளர் எப்படி இருப்பார்? அமெரிக்க நாவலாசிரியர் மைக்கேல் கான்னலி படைத்த ஹாரி போஷ் என்னும் கதைமாந்தரைப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பிளாக் எக்கோ’ என்ற நாவலில் போஷ் முதன்முதலாகத் தோன்றினார். ‘கறுப்பு எதிரொலி’ என்று அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறையில் கொலை வழக்குகளை விசாரிப்பது அவருடைய பணி. அதற்கு முன் அவர் வியட்நாம் போரில் சண்டையிட்ட ஓர் இளம் படைவீரர்.

அவர் அங்கே என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் அண்டை நாடுகளில் ஒன்றான வியட்நாமுக்குச் சென்றால் போதும். ஹோ சி மின் நகருக்கு வடமேற்கே கு சி என்ற பகுதி உள்ளது. அங்கு நிலத்துக்கு அடியில் 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கப் பாதைகளை வியட்நாமியப் போராளிகளும் கிராம மக்களும் கையாலேயே தோண்டினார்கள். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த 1940களில் தொடங்கிய அந்த வேலை, அமெரிக்காவுடனான போரின்போது மேலும் விரிவடைந்தது. சமையற்கூடம், மருத்துவமனை, ஆயுதக் கிடங்கு, படுக்கும் இடம் என அனைத்தும் மண்ணுக்குள்ளேயே இருந்தன. சமைக்கும் புகை ஒரே இடத்தில் வெளியேறினால் எதிரி கண்டுபிடித்துவிடுவான் என்பதால், அதை நீண்ட குழிகளின் வழியாகக் கொண்டுசென்று தொலைவில் மெல்லக் கசிய விட்டார்கள். பள்ளி விடுமுறையில் அங்குச் சென்று வந்த மாணவர்கள் உங்களிலும் இருக்கலாம். சுற்றுப்பயணிகளுக்காகச் சில பகுதிகளை இன்று அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும், அதற்குள் குனிந்து நடப்பதே மூச்சை முட்டும்.

இந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கித் தேடுவதற்காக அமெரிக்க இராணுவம் சில வீரர்களைப் பயன்படுத்தியது. அவர்களைச் ‘சுரங்க எலிகள்’ என்று அழைத்தார்கள். பெரும்பாலும் சிறிய உடல்வாகு கொண்டவர்களே இவ்வேலைக்கு வந்தார்கள். ஒரு கையில் கைத்துப்பாக்கி, மறு கையில் டார்ச் விளக்கு, அவ்வளவுதான். முன்னால் கண்ணி இருக்கலாம், கூர்மையான மூங்கில் முனைகள் இருக்கலாம், பாம்பு இருக்கலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் இன்னொரு மனிதனும் இருக்கலாம். போஷ் அப்படிப்பட்ட ஒரு சுரங்க எலி. அந்த இருட்டில் தன் மூச்சொலியும் தன் அச்சமும் தனக்கே திரும்பிக் கேட்பதைத்தான் நாவல் ‘கறுப்பு எதிரொலி’ என்று அழைக்கிறது.

போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து நாவல் தொடங்குகிறது. போஷ் தம் வீட்டு நாற்காலியில் உறங்கிக் கிடக்கிறார். கனவில் சுரங்கம் வருகிறது. விழித்தபின் வேலைக்கு வரச்சொல்லி அழைப்பு வருகிறது. நகரின் மேட்டுப் பகுதியில் உள்ள ஓர் அணைக்கு அருகே, வடிகால் குழாய் ஒன்றுக்குள் ஒருவர் இறந்து கிடக்கிறார். அளவுக்கு மீறிப் போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு இறந்தவர் என்றுதான் பார்த்தவுடன் தோன்றுகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. போஷின் கூட்டாளி எட்கருக்கு வீடு விற்றுக் கொடுக்கும் பகுதிநேரத் தொழிலும் உண்டு. அவருக்கு இதைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு வரியில் அறிக்கை எழுதி மூடிவிடக்கூடிய வழக்கு.

போஷ் மூடவில்லை. அந்தக் குழாய்க்குள் அவரே தவழ்ந்து செல்கிறார். இறந்தவரின் முகத்தைப் பார்க்கிறார். அவர் பெயர் பில்லி மெடோஸ். வியட்நாமில் போஷுடன் சுரங்கத்தில் இறங்கிய இன்னொரு சுரங்க எலி! மெடோஸின் விரல் ஒன்று முறிந்திருக்கிறது. தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு இறந்தவரின் விரலை யார் முறித்தார்? மற்றவர்கள் பொருட்படுத்தாத இந்தச் சிறு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போஷ் நடக்கிறார். அது நிலத்தடிச் சுரங்கம் தோண்டி நடத்தப்பட்ட ஒரு பெரிய வங்கிக் கொள்ளையில் கொண்டுபோய் விடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 1980களில் உண்மையாகவே இத்தகைய கொள்ளை நடந்தது. கதையின் இறுதிப் பகுதியில் போஷ் மீண்டும் ஒரு சுரங்கத்துக்குள் இறங்க நேர்கிறது. யார் செய்தது, ஏன் செய்தது என்பதை இங்கே கூறப்போவதில்லை. நீங்களே படித்துப் பாருங்கள்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. குழாய்க்குள் தவழ்ந்து செல்ல போஷுக்குத் தெரிந்திருப்பதற்கும், இரவில் அவரால் படுக்கையில் நிம்மதியாக உறங்க முடியாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே. போர் அவருக்கு விட்டுச்சென்ற புண்ணும் போர் அவருக்குக் கற்றுக்கொடுத்த திறமையும் தனித்தனியாக இல்லை. புண்ணை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் திறமையை வைத்துக்கொள்ள முடியாது. கான்னலியின் பாத்திரப் படைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு உள்ளத்தில் காயம் ஏற்படும் என்பதை உலகம் நெடுங்காலம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. முதலாம் உலகப்போரின்போது, குண்டு வெடித்த அதிர்ச்சியால் வந்த கோளாறு என்றார்கள். கோழைத்தனம் என்று பழித்தவர்களும் உண்டு. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் கெட்ட கனவு, திடீர்க் கோபம், தூக்கமின்மை, போதைப் பழக்கம் ஆகியவற்றோடு போராடினார்கள். அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 1980இல்தான் இதை ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்ற பெயரில் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. மெடோஸும் போஷும் ஒரே சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள். ஒருவர் போதைமருந்திடம் போனார். மற்றவர் காவல்துறைக்குப் போனார். இருவருக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்று போஷுக்குத் தெரியும். அதனால்தான் அந்த உடலை ஒரு வரி அறிக்கையோடு அனுப்பிவைக்க அவரால் முடியவில்லை.

எனினும், போஷின் வாழ்க்கையில் முதல் காயம் வியட்நாமில் ஏற்பட்டதன்று. அவருடைய முழுப்பெயர் ஹிரோனிமஸ் போஷ். சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நெதர்லாந்து ஓவியர் ஒருவரின் பெயர் அது. சொர்க்கத்தையும் நரகத்தையும் விசித்திரமான உருவங்களால் நிரப்பி வரைந்தவர் அவர். அந்தப் பெயரை மகனுக்குச் சூட்டியவர் தாய் மார்ஜரி. அவர் ஏழை, ஊரார் மதிக்காத வாழ்க்கை வாழ்ந்தவர். மகனை வளர்க்கத் தகுதியற்றவர் என்று கூறி, அதிகாரிகள் சிறுவன் போஷைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். 1961இல் மார்ஜரி கொல்லப்பட்டார். போஷுக்கு அப்போது 11 வயது. கொலையாளி பிடிபடவில்லை. இறந்தவர் செல்வாக்குள்ள குடும்பத்துப் பெண்ணாக இருந்திருந்தால் அந்த வழக்கு அப்படிக் கிடப்பில் கிடந்திருக்குமா? இந்தக் கேள்வி போஷை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. இறந்தவர் பணக்காரரோ போதைக்கு அடிமையானவரோ, அனைவரும் ஒரே அளவு முக்கியம் என்பதே அவருடைய கொள்கை. ஏட்டில் படித்துப் பெற்ற கொள்கை அன்று. காப்பகத்து நாட்களில் கிடைத்தது.

இதுவரை படித்ததை வைத்து, “பாவம், எவ்வளவு நல்லவர்!” என்று முடிவு கட்டிவிடலாம். கான்னலி அதற்கு இடம் தரவில்லை. 1995இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் கொயோட்டி’ என்ற நாவலைப் பாருங்கள். நிலநடுக்கத்தில் சேதமடைந்த போஷின் வீட்டில் யாரும் குடியிருக்கக்கூடாது என்று அதிகாரிகள் ஆணையிட்டிருக்கிறார்கள். போஷ் இரகசியமாக அங்கேயே வசிக்கிறார். கோபத்தில் தம் மேலதிகாரி ஹார்வி பவுண்ட்ஸைத் தாக்கிக் கண்ணாடிச் சன்னலில் மோத வைத்ததற்காக அவர் கட்டாய விடுப்பில் இருக்கிறார். ஓர் உளவியலாளரைச் சந்தித்துப் பேசிய பிறகே அவர் வேலைக்குத் திரும்ப முடியும். அந்தப் பெண் உளவியலாளர் அவரிடம் பொறுமையாகக் கேள்விகள் கேட்கிறார். போஷ் முதலில் முறைத்துக்கொண்டுதான் பதில் கூறுகிறார். ஆனால், அந்தச் சந்திப்புகளுக்கு இடையேதான் தம் தாயின் பழைய வழக்குக் கோப்பைத் தேடி எடுக்கிறார்; முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் தொடாத கோப்பு.

விடுப்பில் இருப்பவருக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே போஷ் ஒரு குறுக்குவழியில் இறங்குகிறார். சந்தேகத்துக்குரிய செல்வாக்கு மிக்க ஒருவரிடம் தம் பெயரை மறைத்து, தாம் வெறுக்கும் மேலதிகாரி பவுண்ட்ஸின் பெயரைக் கூறிவிடுகிறார். அந்த நேரத்தில் அவருக்கு அது ஒரு குறும்பான தந்திரம். அதன் விளைவாக, இவ்வழக்கில் எந்தத் தொடர்பும் இல்லாத பவுண்ட்ஸ் கொல்லப்படுகிறார்.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அனைவரும் ஒரே அளவு முக்கியம் என்று வாழ்பவர், தமக்குப் பிடிக்காத ஒருவரின் உயிரை ஆபத்தில் தள்ளிவிட்டார். பவுண்ட்ஸ் இனிமையான மனிதர் அல்லர். வாசகர்களுக்கும் அவரைப் பிடிக்காது. அதனாலேயே இந்த மரணம் நம்மையும் சங்கடப்படுத்துகிறது. போஷ் போரில் துன்பப்பட்டவர், தாயை இழந்தவர் என்பதெல்லாம் உண்மை. அவருடைய செயலை அது விளக்குகிறது. ஆனால், அந்தச் செயலை நியாயப்படுத்துகிறதா? நாவல் “ஆம்” என்று கூறவில்லை. குற்ற உணர்வை போஷின் தோளில் ஏற்றி, அதோடு அவரை நடக்க விடுகிறது. பாத்திரப் படைப்பைப் பற்றி எழுதும்போது, ‘நல்லவர்’, ‘கெட்டவர்’ என்ற இரண்டு பெட்டிகளில் கதைமாந்தர்களை அடைத்துவிடும் பழக்கம் நம் கட்டுரைகளில் அதிகம். போஷ் எந்தப் பெட்டியிலும் அடங்கமாட்டார்.

இந்த நாவல்களில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கு சி சுரங்கம் போஷுக்குக் கெட்ட கனவு. அதைத் தோண்டியவர்களுக்கோ அது வீடு. குண்டுமழையிலிருந்து பிள்ளைகளைக் காத்த இடம். வாஷிங்டன் நகரில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்போரில் இறந்த வியட்நாமியர் அதைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களும் கனவு கண்டிருப்பார்கள். சுரங்கத்தின் மறுமுனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதன் யார் என்பதை போஷின் கதையிலிருந்து நம்மால் அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. தென்கிழக்காசியாவில் இருந்துகொண்டு இக்கதையைப் படிக்கும் நமக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே எழுகிறது.

கான்னலி நாவலாசிரியராவதற்கு முன் செய்தித்தாளில் குற்றச் செய்திகளை எழுதியவர். காவல் நிலையங்களில் துப்பறிவாளர்களை அருகிலிருந்து பார்த்தவர் என்பதால், வழக்குக் கோப்பு, அறிக்கை, மேலதிகாரியின் நச்சரிப்பு எல்லாம் அவருடைய கதைகளில் உயிரோடு இருக்கின்றன. போஷும் ஆண்டுதோறும் மூப்படைகிறார். 1950இல் பிறந்தவராகப் படைக்கப்பட்ட அவர், பிற்கால நாவல்களில் எழுபது வயதைத் தாண்டிவிடுகிறார். தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, இன்றைய காலத்தில் வேலை செய்யும் துப்பறிவாளர் வியட்நாமில் சண்டையிட்டிருக்க முடியாது என்பதால், அவரை வளைகுடாப் போரில் கலந்துகொண்டவராக மாற்றிவிட்டார்கள். போரின் பெயரை மாற்றியும் கதைமாந்தர் அப்படியே நின்றார். போர்களுக்குத்தான் பஞ்சமே இல்லையே!

தாயைக் கொன்றது யார் என்பதை போஷ் இறுதியில் கண்டுபிடிக்கிறார். அடுத்த போஷ் நாவலான ‘டிரங்க் மியூசிக்’ 1997இல் வெளிவந்தது. அதில் அவர் மீண்டும் ஹாலிவுட் காவல் நிலையத்தில், புதிய கொலை வழக்கு ஒன்றோடு வேலைக்குத் திரும்பியிருக்கிறார். பவுண்ட்ஸ் வகித்த பதவியில் இப்போது கிரேஸ் பில்லட்ஸ் என்ற பெண் அதிகாரி அமர்ந்திருக்கிறார்.