வெளியூரில் வாடகை வீடு: கம்ப்யூட்டரில் தேடி ஒரே பயணத்தில் முடிப்பது எப்படி?

மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி "அங்கே வீடு கிடைக்குமா?" என்பதுதான். பணியில் சேர பத்துப் பதினைந்து நாட்கள்தான் இருக்கும். பிள்ளைகளின் பள்ளி, சாமான் ஏற்றும் லாரி, கேஸ் இணைப்பு என எல்லாமே புது முகவரிக்காகக் காத்திருக்கும். இந்த அவசரத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இழக்கப் பார்த்தேன். இணையத்தில் ஒரு வீட்டின் படம் அழகாக இருந்தது. வாடகையும் குறைவு. "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், 5,000 ரூபாய் டோக்கன் அனுப்பினால் உங்களுக்கே" என்றார் போனில் பேசியவர். அனுப்பும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் படத்தை இணையத்தில் தேடினேன். அதே ஹால், அதே சோபா, விசாகப்பட்டினத்து விளம்பரம் ஒன்றில் இருந்தது! அன்று கற்றுக்கொண்ட பாடம் இது: இருபது வீடுகளை மூன்றாகக் குறைக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுங்கள். அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் பணம் கொடுப்பதும் நேரில்தான் நடக்க வேண்டும்.

உதாரணத்திற்கு, நீங்கள் சென்னையில் வசிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு நாகர்கோவில், ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நர்ஸாக மாற்றல் வந்திருக்கிறது. தூரம் 700 கிலோமீட்டருக்கும் மேல். வாரம் ஒருமுறை போய் வீடு பார்க்க முடியாது. என்ன செய்யலாம்? படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் மேப், பிறகு விளம்பரம்

கூகுள் மேப்ஸைத் திறந்து வேலை செய்யும் இடத்தைத் தேடுங்கள். அதன் விவரப் பகுதியில் உள்ள "சேவ்" பட்டனை அழுத்தி, "நியூ லிஸ்ட்" மூலம் புதிய பட்டியல் ஒன்றை உருவாக்குங்கள். பள்ளி, வடசேரி பேருந்து நிலையம், கோட்டாறில் உள்ள ரயில் நிலையம் என உங்களுக்குத் தேவையான இடங்களையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம், செட்டிகுளம், ராமவர்மபுரம் போன்ற பகுதிகளில் இருந்து வேலை இடத்திற்கு வழி கேளுங்கள். "லீவ் நவ்" என்று இருப்பதை க்ளிக் செய்து "டிபார்ட் அட்" என மாற்றி, திங்கட்கிழமை காலை 8 மணி என்று கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து தேடினாலும் வேலை நாள் நெரிசலில் எவ்வளவு நேரமாகும் என்பது தெரிந்துவிடும். சிறிய ஊர்களின் டவுன் பஸ் நேரங்களை மேப்பை நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஷிப்ட் வேலை என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போனில் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: ஊர் வழக்கில் தேடுங்கள்

ஓஎல்எக்ஸ், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகியவற்றில் தேடலாம். ஆனால் சென்னையில் கிடைப்பது போல நூற்றுக்கணக்கில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறிய ஊரில் பல வீடுகள் கேட்டில் தொங்கும் அட்டையோடு முடிந்துவிடும்.

தேடும் சொல்லை மாற்றிப் பாருங்கள். "நாகர்கோவில்" என்றும் "நாகர்கோயில்" என்றும் எழுதுவார்கள். இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். சென்னையில் "லீஸ்" என்பதைத் தெற்கே "ஒத்தி" என்பார்கள். மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருப்பது இது. மாத வாடகைதான் வேண்டும் என்றால் ஒத்தி விளம்பரங்களைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் வாடகைக்கும் ஒத்திக்கும் குழம்பி நேரம் வீணாகும்.

வேலையில் சேரப்போகும் அலுவலகத்திற்கு ஒரு போன் போட்டு, "நான் புதிதாக வருகிறேன், பக்கத்தில் வீடு காலியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். எந்த இணையதளத்திலும் இல்லாத வீடு இப்படிக் கிடைப்பதுண்டு.

படி 3: ஒர்க்‌ஷீட்டில் உண்மை வாடகை

எக்செல், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. பகுதி, வாடகை, பராமரிப்பு, தண்ணீர், போக்குவரத்து, மொத்தம், அட்வான்ஸ், போன் எண், குறிப்பு என்று தலைப்புகள் கொடுங்கள்.

வடசேரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு வாடகை 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு 500, போக்குவரத்துக்கு 2,600 ஆகிறது. மொத்தம் 10,100. ஆசாரிபள்ளம் பக்கம் இன்னொரு வீட்டுக்கு வாடகை 8,500. பராமரிப்பு 300, போக்குவரத்து 600. மொத்தம் 9,400. வாடகை அதிகமாகத் தெரிந்த வீடுதான் மாதம் 700 ரூபாய் மிச்சம் தருகிறது!

முதல் வீட்டின் மொத்தம் கட்டத்தில் கர்சரை வைத்து "ஆட்டோசம்" பட்டனை அழுத்துங்கள். வாடகை முதல் போக்குவரத்து வரை உள்ள நான்கு கட்டங்கள் மட்டும் தேர்வாகியிருக்கின்றனவா என்று பார்த்து என்டர் தட்டுங்கள். பிறகு அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கடைசி வீடு வரை இழுத்தால் எல்லா வீடுகளுக்கும் மொத்தம் வந்துவிடும். "சார்ட்" கட்டளை மூலம் மொத்தத்தை ஏறுவரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: படம் உண்மையா?

விளம்பரத்தில் உள்ள படத்தின் மேல் மவுசின் வலது பட்டனை க்ளிக் செய்து, கூகுள் லென்ஸ் மூலம் தேடும் கட்டளையைக் கொடுங்கள். அதே படம் வேறு ஊர் விளம்பரத்தில் வந்தால் அந்த வீட்டை உடனே நீக்கிவிடுங்கள். எங்கும் வரவில்லை என்பதால் மட்டும் நல்ல விளம்பரம் என்றும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்ததாக, மேப்பில் உள்ள மஞ்சள் மனித உருவத்தை அந்தத் தெருவுக்கு இழுத்துப் பாருங்கள். நீலக் கோடு தெரிந்தால் தெருவையே பார்க்கலாம். படம் எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் திரையில் இருக்கும். அதையும் கவனியுங்கள்.

கூகுள் எர்த் ப்ரோவையும் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளுங்கள். இது இலவசம். இதன் "வியூ" மெனுவில் "ஹிஸ்டாரிக்கல் இமேஜரி" என்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்லைடரை நகர்த்தினால் பழைய சாட்டிலைட் படங்கள் வரும். இன்று வீடு இருக்கும் இடம் முன்பு வயலாகவோ குளத்தின் ஓரமாகவோ இருந்ததா என்று பாருங்கள். குளங்கள் நிறைந்த கன்னியாகுமரி மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. 2023 டிசம்பர் மழையில் தென் மாவட்டங்கள் பட்ட பாடு நினைவிருக்கும். "அந்த மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதா?" என்று வீட்டுக்காரரிடமும், முடிந்தால் அந்தத் தெருக் கடைக்காரரிடமும் கேளுங்கள்.

படி 5: வீடியோ காலில் வீடு

மீதமிருக்கும் ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் வாட்ஸ்அப் வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். முன்பே பதிவு செய்த வீடியோ வேண்டாம். "சார், மெயின் ரோட்டில் இருந்து அப்படியே நடந்து வாங்க" என்று பணிவாகக் கேளுங்கள். குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். சமையலறை ஜன்னலில் இருந்து வெளியே காட்டச் சொல்லுங்கள். போர் தண்ணீரா, மாநகராட்சித் தண்ணீரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, பக்கத்தில் யாராவது ஃபைபர் இணைய இணைப்பு வைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் கேட்டுக் குறிப்பு கட்டத்தில் எழுதுங்கள்.

படி 6: பணம் விஷயத்தில் மூன்று விதிகள்

ஒன்று, வீட்டைப் பார்க்கும் முன் டோக்கன் அனுப்பாதீர்கள். "நான் ராணுவ அதிகாரி, நேரில் வர முடியாது" என்று சொல்லி அடையாள அட்டையின் படத்தை அனுப்புவது பழகிப்போன மோசடி.

இரண்டு, பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள்" என்றால் போகப்போவது உங்கள் பணம்தான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

மூன்று, கடைசி மின் கட்டண ரசீதையும் வீட்டு வரி ரசீதையும் கேளுங்கள். அவற்றில் உள்ள பெயரும் உங்களிடம் பேசுபவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இறந்துபோன அப்பாவின் பெயரில் ரசீது வருவது சகஜம்தான். அப்படியானால் உறவுக்கு ஆதாரம் கேட்பதில் தவறில்லை.

படி 7: ஒரே பயணம்

இப்போது பட்டியலில் மூன்று வீடுகள்தான் இருக்கும். வெள்ளி இரவு ரயில் ஏறினால் சனி, ஞாயிறு இரண்டு நாட்களில் பார்த்துவிடலாம். ஒர்க்‌ஷீட்டை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துச் செல்லுங்கள். ஒரே வீட்டைப் பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து அந்தத் தெருவில் நடந்து வரப்போவது உங்கள் வீட்டுப் பெண் என்றால், தெருவிளக்கு எரிகிறதா என்பது எந்த மேப்பிலும் தெரியாது.

வீடு பிடித்துவிட்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இதற்கெனத் தமிழக அரசின் இணையதளமே இருக்கிறது. அட்வான்ஸுக்கு அந்தச் சட்டம் சொல்லும் பொதுவான அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். அட்வான்ஸைப் பேங்க் வழியாகக் கொடுத்து, ரசீதை ஸ்கேன் செய்து மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிபோகும் அன்று, சாமான் இறக்கும் முன்பு ஒவ்வொரு அறையையும் செல்போனில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது "இந்த விரிசல் நீங்கள் செய்ததா?" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

ஒர்க்‌ஷீட்டை அழித்துவிடாதீர்கள். அடுத்த மாற்றலுக்கு உதவும். அதற்கு முன்பே, உங்களைப் போல அந்த ஊருக்கு மாற்றலாகி வரும் இன்னொருவருக்கு உதவும்.