ஏரி நீரில் பங்கும் பராமரிப்பில் பொறுப்பும்

கேளம்பாக்கத்துக்கென ஓர் ஆறு இல்லை. தெற்கே வெகு தூரத்தில் பாலாறு வாயலூருக்கு அருகே கடலைச் சேர்கிறது. வடக்கே அடையாறு சென்னை நகரத்தினுள் புகுந்து கடலை அடைகிறது. இவ்விரண்டிற்கும் இடையே, கோவளம் கழியின் மேற்புறத்தில் அமைந்த இவ்வூரும், இதனைச் சூழ்ந்த சிறுசேரி, புதுப்பாக்கம், தையூர், மாம்பாக்கம் முதலிய ஊர்களும், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் தேக்கியே பயிர் செய்துவந்தன.

செங்கற்பட்டுச் சீமையில் ஆற்று நீருங்கூட ஏரிகளின் வழியாகவே பெரும்பாலும் வயலை அடைகிறது. வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பெற்ற அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள், காவேரிப்பாக்கம், மாமண்டூர் முதலிய பேரேரிகளுக்கு நீர் கொணர்கின்றன. மதுராந்தகம் ஏரி கிளியாற்று நீரைப் பெறுகிறது. ஆகவே, ஆற்று நீராயினும் மழை நீராயினும், பங்கீடு நடைபெறும் இடம் ஏரியின் மதகடியே ஆகும்.

இப்பாடத்தின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுவோம். நீரில் பங்கு உடையவருக்கு ஏரி வேலையிலும் பங்கு உண்டு. இவ்விரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்த ஊரில் முதலில் கடைமடை காய்கிறது. பின்னர் ஏரியே தூர்ந்துவிடுகிறது. இது எவ்வாறு நேருகிறதென்பதைக் கீழே படிப்படியாக ஆராய்வோம்.

1. ஏரியின் உறுப்புகள்

மழை நீரை ஏரிக்குக் கொண்டுவருவது வரத்துக்கால். நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. தேங்கிய நீரை வயலுக்கு விடுவது மதகு. ஏரி நிரம்பியபின் மிகுந்த நீரை ஆபத்தின்றி வெளியேற்றுவது கலங்கல். மதகின் கீழ் நீர் பாயும் நிலப்பரப்பு முழுவதற்கும் ஆயக்கட்டு என்று பெயர்.

ஓர் ஏரிக்கு இரண்டு மூன்று மதகுகள் இருப்பதுண்டு. மேட்டு மடை உயரமான நிலங்களுக்கும், பள்ள மடை தாழ்ந்த நிலங்களுக்கும் உரியவை. ஏரியில் நீர் குறையும்போது முதலில் நின்றுபோவது மேட்டு மடையே. பள்ள மடைக்காரருக்குக் கடைசிச் சொட்டு வரையில் நீர் கிடைக்கும். ஆதலால் எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதே பங்கீட்டின் முதற் கேள்வியாகிறது.

ஏரிகள் தனித்து நிற்பவை அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீரே கீழ் ஏரியின் வரத்தாகும். கேளம்பாக்கத்துப் பக்கம் இத்தொடரின் கடைசி அங்கம். மேற்கேயுள்ள ஏரிகளில் மிகுந்த நீர் கிழக்கு நோக்கி இறங்கிக் கழியில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தின் வழியே கடலை அடைகிறது.

2. பங்கீட்டின் மூன்று நிலைகள்

ஏரி நிரம்பியிருக்கையில் பங்கீடு பற்றிய வழக்கு எழுவதில்லை. வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டியவர் வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொள்வர். இது முதல் நிலை.

நீர் குறையத் தொடங்கியதும் முறைப்பாசனம் ஏற்படுகிறது. இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம். ஒரு மதகின் கீழ் 60 ஏக்கர் நிலம் இருப்பதாகவும், முறை 6 நாளுக்கு ஒரு சுற்று என்று ஊரார் தீர்மானித்ததாகவும் கொள்வோம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆறு நாளுக்கு 360 நாழிகை. எனவே ஏக்கர் ஒன்றுக்கு 6 நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிஷம் கிடைக்கும். மூன்று ஏக்கர் உடையவருக்கு 18 நாழிகை. அரை ஏக்கர் உடையவருக்கு 3 நாழிகை. ஓர் ஏக்கர் வயலில் 2 அங்குல உயரம் நீர் நிறுத்துவதற்குச் சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆகையால் ஒரு நாழிகையைத் திருடுபவர் சிறு பொருளைத் திருடுகிறார் என்று எண்ணலாகாது.

இக்கணக்கில் மறைந்துள்ள அநீதி ஒன்று உண்டு. மதகிலிருந்து கடைமடை வரையில் நீர் செல்லும்போது, காய்ந்த வாய்க்கால் மண் ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது. மதகு திறந்த நேரத்திலிருந்து முறையைக் கணக்கிட்டால், மதகடி நிலத்தாருக்கு முழு ஆறு நாழிகையும், கடைமடை நிலத்தாருக்கு நாலோ ஐந்தோ நாழிகையும் கிடைக்கும். இதற்குப் பரிகாரம் இரண்டு. வாய்க்கால் நனையும் நேரத்தை முதலிலேயே பொதுவில் கழித்துவிட்டு, எஞ்சிய நேரத்தை ஏக்கருக்கு இவ்வளவென்று பகிர்ந்து, ஒவ்வொருவருடைய முறையையும் நீர் அவர் வயல் மடையை எட்டிய நேரத்திலிருந்து எண்ணுவது ஒன்று. கடைமடையிலிருந்து தொடங்கி மதகை நோக்கி முறையை நடத்துவது மற்றொன்று.

மூன்றாவது நிலை பற்றாக்குறை. அறுபது ஏக்கர் ஆயக்கட்டில் 40 ஏக்கருக்கே நீர் உண்டு என்று தெரிந்தால், நடவுக்கு முன்னரே ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டும். 6 ஏக்கர் உடையவர் 4 ஏக்கரும், 3 ஏக்கர் உடையவர் 2 ஏக்கரும் பயிரிடுவது நியாயம். ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்திலேயே குறைத்துப் பயிரிட்டால், கடைமடை வரையில் வாய்க்கால் ஓடவேண்டியிருப்பதால் நீர் விரயமாகும். இலங்கையின் வறண்ட பிரதேசத்துக் குளங்களில் பெத்ம என்னும் பழைய ஏற்பாடு இதற்கு வழி காட்டுகிறது. பஞ்ச காலத்தில் குளக்கரையை அடுத்த நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யாருடைய சொத்தாயினும், பங்குதாரர் அனைவருக்கும் அவரவர் பங்கின் விகிதப்படி அவ்வொரு போகத்துக்கு மாத்திரம் பிரித்துக் கொடுப்பார்கள். கடைமடை நிலத்தார் அவ்வருஷம் மதகடியில் பயிர் செய்வர். மழையின் குறைவை ஊர் முழுவதும் சேர்ந்து தாங்குகிறது. எவரொருவரும் அதனால் அழிந்துபோவதில்லை.

3. பங்கிடுவோர் யார்?

மதகைத் திறந்து அடைக்கவும், முறைப்படி வயல்தோறும் நீர் பாய்ச்சவும், கரையைக் கண்காணிக்கவும் ஊருக்கு ஒருவரோ பலரோ இருந்தனர். நீர்க்கட்டி, மடையன், கம்புகட்டி என்று இடத்துக்கு இடம் அவர்களுக்குப் பெயர் வேறுபட்டது. அறுவடையில் நிலத்தின் அளவுக்கேற்ப நெற்கட்டாகவோ தானியமாகவோ அவர்களுக்குக் கூலி அளிக்கப்பட்டது. பல ஊர்களில் அவர்களுக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் இராது. தனக்கென ஒரு வயல் இல்லாதவர் ஒருவர் பக்கமும் சாயமாட்டார் என்று ஊரார் கருதினர்.

இவ்வேற்பாட்டின் மறுபுறத்தையும் மறைத்தலாகாது. இப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் ஆதிதிராவிட வகுப்பினர். நள்ளிரவிலும் கொட்டும் மழையிலும் ஏரியைக் காத்தவர்களுக்கு அந்நீரில் உரிமை இல்லை; நீரைப் பற்றித் தீர்மானித்த கூட்டத்தில் இடமும் இல்லை. குத்தகைக் குடிகளின் நிலைமையும் பல இடங்களில் இதற்கு மிக வேறுபட்டதன்று. பழைய முறையின் நியாயத்தைப் போற்றுகையில், அந்நியாயம் யார் வரையில் எட்டியதென்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

தீர்ப்பு வழங்குவது பகிரங்கமாக இருத்தல் அவசியம். ஸ்பெயின் தேசத்து வலேன்சியா நகரில், எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் வியாழக்கிழமை தோறும் நண்பகலில் தேவாலய வாயிலில் கூடி, நீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்கின்றனர். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இம்மன்றத்தை 2009இல் யுனெஸ்கோ மானிட மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அதன் பலம் வாதிகள் அனைவரும் வாய்க்கால் அறிந்தவர்கள் என்பதிலும், தீர்ப்பு யாவர் காதிலும் விழும்படி கூறப்படுவதிலும் இருக்கிறது.

4. கலங்கலில் எழும் வழக்கு

கலங்கலின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைக் காணலாம். மழைக்காலத்தின் முடிவில் அக்கற்களின் இடையே பலகையோ மண்ணோ வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் ஓர் அடி, இரண்டடி நீர் நிற்கும். ஆயக்கட்டுதாரருக்கு இது லாபம். நீர்ப்பிடிப்பின் மேற்கோடியில் நிலம் வைத்திருப்பவருக்கோ, பயிர் மூழ்கும் நஷ்டம். கீழ் ஏரிக்காரருக்கு வரத்துக் குறைவு. பெருமழை வருங்கால் அடைப்பை நீக்கத் தவறினால் கரையே உடையும். ஒரு கல்லின் உயரத்தில் மூன்று தரத்தாரின் நன்மை தீமை அடங்கியிருப்பதால், கலங்கலைப் பற்றிய தீர்மானம் ஓர் ஊராருடையதாக மட்டும் இருக்கலாகாது.

5. வேலையில் பங்கு

செங்கற்பட்டுக்குத் தென்மேற்கே உத்தரமேரூரில் உள்ள கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியத்துக்கு அறுவர் உரியவர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்தில் இடம் பெறத் தகுதியற்றவர் ஆயினர். ஏரியின் காரியத்தில் கணக்குக் காட்டுதல் முதற்கடமை என்பதை நம் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்தனர்.

பிற்காலத்தும் களத்தில் நெல் அளக்கும்போது, கோயிலுக்கும் ஊர்த் தொழிலாளருக்கும் போல ஏரிக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கப்பட்டது. 1763இல் இச்சீமை கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஜாகீராகக் கொடுக்கப்பட்டபின், வருமானத்தின் பெரும்பகுதி சர்க்காரைச் சேரலாயிற்று. ஏரியின் பங்கு சுருங்கிற்று. 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை மதுராந்தகம் ஏரியைப் பழுது பார்த்தது பிரசித்தம். ஆனால் சிற்றேரிகள் யாவற்றுக்கும் அத்தகைய கவனம் வாய்க்கவில்லை.

ஊரார் தாமே கூடிக் கரையைப் பலப்படுத்தி, வாய்க்காலைத் தூர்வாரும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அவ்வழக்கம் தளர்ந்தபோது சர்க்கார் 1858ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம், தமக்குரிய வேலையைச் செய்யத் தவறியவர் அதன் கிரயத்தைப் போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்று விதித்தனர். சட்டம் இருந்தும் வழக்கம் பிழைக்கவில்லை. 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்துக்குப் பின், 1883இல் ஏரிகளைச் சீர்திருத்தும் திட்டம் தொடங்கிற்று. உரிமையை ஒரு பக்கமும் பொறுப்பை மற்றொரு பக்கமும் வைத்த பின்னர், தண்டனையினால் மட்டும் அவற்றை ஒன்றுசேர்க்க முடியவில்லை.

இப்பொழுது தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடையவை நீர்வளத் துறையையும், அதற்குக் குறைந்தவை உள்ளாட்சி அமைப்புகளையும் சார்ந்தவை. 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் பாசன அமைப்புகளை நிர்வகிப்பதில் விவசாயிகளின் சங்கங்களுக்கு இடமளித்தது. 2017இல் தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டம் மறுபடியும் தொடங்கி வைக்கப்பட்டபோது, வேலையின் மதிப்பில் 10 சதவிகிதத்தைப் பாசனதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பத்தில் ஒரு பங்கு சிறிதேயாயினும், வேலை நடக்கும் விதத்தைக் கேள்வி கேட்கும் உரிமையை அது ஊராருக்குத் தருகிறது.

6. இக்காலத்துக் கேளம்பாக்கம்

கேளம்பாக்கத்தில் வயல்கள் மிகக் குறைந்துவிட்டன. ராஜீவ் காந்தி சாலையையும் வண்டலூர்ச் சாலையையும் ஒட்டிக் குடியிருப்புகளும், சிறுசேரியில் தொழிற் பூங்காவும் எழுந்துள்ளன. நெல் இல்லாத இடத்தில் நீர்ப் பங்கீடு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அது பிழை. ஏரி இருக்கிறது, கலங்கல் வழிகிறது, நீர் தன் பழைய வழியிலேயே கிழக்கு நோக்கி இறங்குகிறது. மாறியது ஒன்றே: முன்பு கடைமடையில் வயல் இருந்தது, இப்போது வீடு இருக்கிறது.

முன்னாளில் கடைமடைக்காரரின் துன்பம் நீர் வராமை. இந்நாளில் அவர் துன்பம் இரண்டு. மழைக்காலத்தில் நீர் வடியாமை ஒன்று. கோடையில் கிணறு வற்றுதலும் உவர்த்தலும் மற்றொன்று. டிசம்பர் 2015இல் அடையாற்றின் கரையிலுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதையும், 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதையும் யாவரும் அறிவர். நான்கு ஆண்டுகளுக்குள் நேர்ந்த இவ்விரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள். தேக்க வேண்டிய இடத்தில் நீர் தேங்கவில்லை. ஓட வேண்டிய வழியில் ஓடவில்லை.

கடலையும் கழியையும் அடுத்த ஊர்களில் நிலத்தடி நன்னீர் உவர் நீரை எதிர்த்து நிற்கிறது. ஏரியில் நிற்கும் நீர் மண்ணில் ஊறி அந்நன்னீரைத் தாங்குகிறது. ஆழ்குழாய்க் கிணறுகளால் அளவின்றி இறைத்தால் உவர் உட்புகும். ஒருமுறை புகுந்த உவரை வெளியேற்றுவது எளிதன்று. எனவே வயலற்ற குடும்பமும் தன் கிணற்றின் வழியே ஏரியில் ஒரு பங்கு உடையதேயாகும். பங்கு உண்டெனில் பொறுப்பும் உண்டு. வரத்துக்காலிலும் போக்குக்காலிலும் குப்பை கொட்டாமை, புறம்போக்கை வளைக்காமை, மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரப்பட்டதா என்று கிராம சபையில் கேட்டல் ஆகியவை இன்றைய குடிமராமத்து.

நினைவிற் கொள்ளவேண்டியவை

நீர் குறைந்தால் முறை வைக்கவும். முறையைக் கடைமடையிலிருந்து தொடங்கவும். பற்றாக்குறையை விகிதப்படி யாவரும் ஏற்கவும். நீர் விடுபவருக்கு உரிய கூலியும், கூட்டத்தில் சம இடமும் அளிக்கவும். கலங்கலைத் தனித்துத் தீர்மானிக்காமல், மேலூரையும் கீழூரையும் கலந்துகொள்ளவும். கணக்கைப் பகிரங்கமாகப் படிக்கவும்.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது? அதன் கலங்கல் நீர் எங்கே செல்கிறது? ஒருவர் நடந்து சென்று இரண்டையும் பார்த்து வந்து கூறுக.

2. ஒரு மதகின் கீழ் 45 ஏக்கர். முறை 6 நாளுக்கு ஒரு சுற்று. வாய்க்கால் நனைய மொத்தம் 45 நாழிகை வேண்டும். அதனைப் பொதுவில் கழித்தால் ஏக்கருக்கு எத்தனை நாழிகை கிடைக்கும்? (விடை: 7 நாழிகை.)

3. உங்கள் ஊரில் கடைமடை எது? அங்கே இருப்பவர் யார்? ஏரியைப் பற்றிய கூட்டத்தில் அவர் பேசியதுண்டா?