பாட்டி பெயரைத் தேடி: குண்டடத்துக் குடும்பங்களுக்குப் பிறப்பு, இறப்புப் பதிவேட்டு வழிகாட்டி

குலதெய்வக் கோயிலில் விசாரித்தால் பாட்டன், பூட்டன் பெயர் கிடைக்கும். பாட்டி பெயர் கிடைப்பது அரிது. பிறப்புப் பதிவேட்டிலோ தகப்பனாரோடு தாயார் பெயரும் இருக்கும். அதனால்தான் அங்கே தேடச் சொல்கிறேன்.

1. வீட்டில் தொடங்குங்கள்

ஜாதகம், நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பள்ளியில் உள்ள பிறந்த தேதி வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம், பெரியவர்களிடமும் கேளுங்கள். "விஜய வருஷம், ஆடி மாசம்" என்றால் 1953 ஜூலை, ஆகஸ்ட். தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் வயதோடு ஒத்துப்பாருங்கள்.

2. நிகழ்ந்த ஊரைக் கண்டுபிடியுங்கள்

பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே குண்டடத்துக்காரரின் மூத்த பிள்ளை, அம்மா பிறந்த மூலனூரிலோ காங்கயத்திலோ பதிவாகியிருக்கலாம். பனியன் கம்பெனி வேலைக்குப் போய்த் திருப்பூரிலேயே இறந்தவரைத் திருப்பூரில் தேடுங்கள்.

3. மாவட்டப் பெயரில் குழம்பாதீர்கள்

குண்டடம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம்; பிறகு பெரியார் மாவட்டம், அதுவே ஈரோடு ஆனது; 2009 முதல் திருப்பூர். தாலுகா மட்டும் தாராபுரம்தான்.

4. எங்கே கேட்பது?

கிராமத்தில் அண்மைப் பதிவுகளுக்கு வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். பழையவற்றுக்குத் தாலுகா ஆபீசிலும் அந்தப் பகுதிச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். நகரத்தில் நிகழ்ந்திருந்தால் நகராட்சி அல்லது மாநகராட்சி. 2018 முதலான சான்றிதழ்களை இணையத்திலேயே எடுக்கலாம்.

5. மனு எழுதும் முறை

1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, கட்டணம் கட்டி யாரும் பதிவேட்டைத் தேடச் சொல்லி நகல் கேட்கலாம். இறப்புக்கான காரணம் மட்டும் நகலில் வராது.

முதலில் இறப்புப் பதிவு. அதிலுள்ள வயதைக் கழித்தால் பிறந்த வருஷம் தெரியும்; முன்பின் இரண்டு மூன்று வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே குழந்தையைப் பதிந்துவிடுவார்கள். எனவே பெயர் இல்லையென்று திரும்பாமல், ஆணா பெண்ணா, தகப்பனார் பெயர், ஊர் இவற்றைக் கொண்டு பாருங்கள். பழனியம்மாள் 'பழநியம்மாள்' என்றும் இருப்பார்.

6. கிடைத்ததை எழுதிவையுங்கள்

பதிவு எண், வருஷம், அலுவலகம் மூன்றையும் நோட்டில் குறியுங்கள். தாயார் பெயர் கிடைத்ததும் அவர் பிறந்த ஊருக்குப் போய் அடுத்த தலைமுறையைத் தேடுங்கள்.

பதிவேடு நாளைக்கும் இருக்கும். எந்த ஊரில், எந்த வருஷம் தேடுவது என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்றைக்குத்தான் இருக்கிறார்கள். இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் அம்மா பெயரை முதல் வரியாக எழுதுங்கள்.