வலது காலுக்கு ஒரு பாடம்

அன்புள்ள தம்பிக்கு,

பழைய டிசையர் டீசல் வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியிருக்கிறாய். மைலேஜைக் கூட்ட என்ன வழி என்று கேட்டிருந்தாய். ஏர் ஃபில்டரும் டயர் காற்றும் சரியாக இருந்தால், மீதி உன் வலது காலில்தான் இருக்கிறது. அந்தக் காலுக்கு வாத்தியார் எதிரே இருக்கும் மீட்டர்.

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் காற்றுக்கு வழிவிடும். டீசலில் அதை மிதிக்கும் அளவுக்கு டீசலே நேராகக் கூடும். ஆகவே பட்டென்று மிதிக்காதே, மெல்ல அழுத்து.

முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பழகு. உன் 1.3 லிட்டர் இன்ஜினின் உச்ச முறுக்குவிசையான 190 நியூட்டன் மீட்டர் 2000 சுற்றிலேயே கிடைத்துவிடும். சமதளத்தில் அதை ஒட்டியே கியரை மாற்று. 3000 வரை முறுக்க வேண்டியதில்லை. அதற்காக டாப் கியரில் 1200-க்கு இறக்கித் திணறவிடாதே. அங்கே டர்போ போதிய காற்றைத் தராது. மிதித்தாலும் வண்டி அதிருமே தவிர இழுக்காது. மேட்டில் திணறினால் தயங்காமல் ஒரு கியர் குறை.

அடுத்து, அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் எண். உன் மீட்டரில் அது இல்லையென்றால், ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி போனில் காட்டும். போனை ஹோல்டரில் மாட்டு. ஓரக்கண்ணால் மட்டும் பார், சாலையை விடாதே. ஹைவேயில் 80-லிருந்து 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். எண் சரிவதைக் கண்ணால் பார்த்தபின் கால் தானாக அடங்கும்.

தூரத்தில் சிவப்பு விளக்கோ டோல்கேட்டோ தெரிந்ததும் காலை எடுத்துவிடு. கியரில் அப்படியே உருளட்டும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும்போது இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும். கடைசி நொடியில் பிரேக்கில் நீ தேய்க்கும் வேகமெல்லாம் காசு கொடுத்து வாங்கியது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இறக்கத்தில் நியூட்ரல் போடாதே. தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்கிய லாரிகள் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கின்றன. நியூட்ரலில் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் பிடிமானமும் போய், பிரேக் சூடேறிக் கைவிடும். கியரில் இறங்கினால் டீசலும் மிச்சம், பிடியும் உன் கையில்.

பலனை மீட்டரின் சராசரியை வைத்து முடிவு செய்யாதே. ஒரே பம்பில் ஃபுல் டேங்க் போட்டு, தானாக கட் ஆனதும் நிறுத்தி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு. அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து நோட்டில் எழுது. ஏசி, லோடு, ஊருக்குள் ஓடியதா ஹைவேயா என்பதையும் பக்கத்தில் குறி. ஒரு டேங்கை வைத்து மகிழவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். நாலைந்து டேங்க் ஓடியதும் அந்த நோட்டுப் பக்கத்தை எனக்கு அனுப்பு. சேர்ந்து பார்த்து அடுத்ததைப் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்