விலை கேட்டுவிட்டு லோடு பார்க்கிறோம்

காரைக்குடி வட்டாரத்தில் கல்யாண மண்டபம் கட்டினாலும், பழைய வீட்டை விடுதியாக மாற்றினாலும், ஜெனரேட்டர் என்ன விலை என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். லோடு எவ்வளவு என்ற கேள்வி கடைசியில் வருகிறது. பல இடங்களில் வருவதே இல்லை. 2012-ல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர மின்வெட்டில் தவித்தபோது, கிடைத்ததை வாங்கிப் போட்டோம். அந்த அவசரம் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை.

“சாத்தியக்கூறு ஆய்வு, முதற்கட்ட வடிவமைப்பு எல்லாம் பெரிய மின் நிலையங்களுக்கு; நமக்கு மெக்கானிக் சொன்னால் போதும்” என்பார்கள். அளவுதான் வேறு, கேள்விகள் ஒன்றே: எவ்வளவு லோடு, எத்தனை மணி நேரம், என்ன எரிபொருள், புகை எங்கே போகும்? மதுரையை அடுத்த சமயநல்லூரில் 2001-ல் சுமார் 106 மெகாவாட் திறனில் டீசல் எஞ்சின் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதைப் போன்ற நிலையங்களில் எரிப்பது கெட்டியான உலை எண்ணெய். அதைச் சூடாக்கி, சுத்தப்படுத்திய பிறகே எஞ்சினுக்குள் விட முடியும். தொட்டி, கொதிகலன், புகைபோக்கி என அனைத்தும் காகிதத்திலேயே முடிவாக வேண்டியவை. எஞ்சின் நன்றாக ஓடினாலும், எண்ணெய் விலை ஏற ஏற அங்கே பிறக்கும் யூனிட் மின்வாரியத்துக்குச் சுமையானது. நம் கொல்லையில் நிற்கும் எஞ்சினுக்கும் இதே கணக்குதான். நல்ல லோடில் ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ மூன்றரை யூனிட் தரும். லிட்டர் 90 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு மட்டும் யூனிட்டுக்கு 25 ரூபாய்க்கு மேல். ரசீதில் எஞ்சின் விலைதான் இருக்கும், இது இராது. அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

அடுத்தது, எல்லாவற்றிலும் விடாப்பிடியான நம்பிக்கை: “பெரிதாக வாங்கிவிட்டால் கவலையில்லை.” கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 125 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் 100 கிலோவாட். முகூர்த்தம் இல்லாத நாளில் விளக்கும் விசிறியுமாக அதில் ஓடுவது 18 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சின் போதிய சூடு ஏறாமல் எரிபொருளை அரைகுறையாக எரிக்கும். புகைக்குழாய் இணைப்பில் தார்போல் கறுப்பாக ஒன்று கசிந்து வழிவதை மண்டபத்துக் கொல்லைகளில் பார்த்திருப்பீர்கள். “ஆயில் லீக்” என்று அதைத் துடைத்துவிட்டுப் போகிறோம். பெரும்பாலும் அது லோடு பற்றாத எஞ்சினின் அடையாளம். இந்த லோடில் லிட்டருக்கு இரண்டரை யூனிட்கூடத் தேறாது.

அளவைக் கூட்டச் சொல்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. லிப்ட் மோட்டார் நேரடியாகக் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஆறு மடங்குவரை கரண்ட் இழுக்கும். அந்த ஒரு நொடிக்காக ஆண்டு முழுவதும் இரட்டிப்பு எஞ்சினை ஓட்டத் தேவையில்லை. மோட்டாருக்கு சாப்ட் ஸ்டார்ட்டர் போடலாம். ஏசிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம். ஒரு பெரியதற்குப் பதில் இரண்டு சிறியவை வைக்கலாம். முதற்கட்ட வடிவமைப்பில் முடிவெடுக்க வேண்டியது இதுதான்.

“சைலண்ட் ஜெனரேட்டர்தானே, எங்கே வைத்தால் என்ன?” இது உயிருக்கே உலை வைக்கும் நம்பிக்கை. பெட்டிக்குள் அடங்குவது சத்தம் மட்டும். புகை அப்படியேதான் வெளியே வருகிறது. நம் செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீண்டு கிடப்பது. வானம் பார்த்த முற்றம் என்பதற்காகப் பின்கட்டில் எஞ்சினை இறக்கிவிடுகிறார்கள். நாலு பக்கமும் சுவர். காற்று திரும்பிய நாளில் புகை பட்டாசாலைக்கும் அறைகளுக்கும்தான் போகும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ரேடியேட்டர் தள்ளும் சுடுகாற்றும் வெளியேற வழியின்றித் திரும்பவும் எஞ்சினுக்குள்ளேயே நுழையும். கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவரில் படியும் கரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புகைக்குழாய் உயரத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதி வைத்திருக்கிறது. 100 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேலே 2 மீட்டர்.

“கூரையில் சோலார் போட்டாச்சு, இனி கரண்ட் போனால் என்ன?” என்பதும் இப்போது பரவுகிறது. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி.

கடைக்குப் போகும் முன் ஒரு முகூர்த்த நாள், ஒரு சாதாரண நாள், இரண்டிலும் மணிக்கொரு தடவை எலக்ட்ரீஷியனை கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு போய் விலை கேளுங்கள்.